கல் மிஷினில் மரபுத் தானியம் அரைத்து வருவதற்கான முழுமையான வழிகாட்டி

பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் வயதில் மூத்தவர்களிடம் 'மில்' என்று சொன்னால், 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலைதான் அவர்கள் மனத்தில் வரும். தானியம் அரைக்கும் இடத்தை வடசென்னை 'மாவு மிஷின்' என்றே அழைக்கிறது. விசாரித்து வழி கண்டுபிடிக்க வேண்டியவரும் அந்தப் பெயரிலேயே விசாரிப்பது நல்லது. மாப்பிள்ளைச் சம்பா, சம்பா கோதுமை, கேழ்வரகு, கம்பு போன்ற மரபுத் தானியங்களை வாங்கி, சுத்தம் செய்து, அத்தகைய ஒரு மிஷினில் கல்லில் அரைத்து, கெடாமல் வீட்டில் சேர்ப்பது வரையிலான வேலைகளை வரிசையாக இங்கே விளக்குகிறேன்.

'கல்லில் அரைத்தது' என்ற சொற்கள் இன்று மாவுப் பொட்டலங்களின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுகின்றன. ஆனால் கல் இருப்பதனால் மட்டும் மாவு நன்றாக அமைந்துவிடாது. கொண்டுபோகும் தானியம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, நமக்கு முன்னால் அதே கல்லில் என்ன அரைத்தார்கள், மாவு எவ்வளவு சூடாக வெளியே வருகிறது என்ற மூன்றையும் பொறுத்தே அதன் தரம் அமைகிறது. முதலாவதைப் பல் சொல்லிவிடும், இரண்டாவதை மூக்கு சொல்லிவிடும், மூன்றாவதைக் கை சொல்லிவிடும். காலையில் பையைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்பவருக்குப் பின்னிரண்டும் தெரியவே வழியில்லை. ஆகையால் கூடவே நின்று அரைத்து வாங்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் புறப்பட வேண்டும்.

மிஷினைத் தேர்ந்தெடுத்தல்

மாவு மிஷின் கடைகளில் பெரும்பாலும் மூன்று நான்கு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்க ஒன்று, ஊறவைத்து வடித்த அரிசியை ஈரமாவாக்க ஒன்று, கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் ஒன்று என்று அவற்றைப் பிரித்து வைத்திருப்பார்கள். சில இடங்களில் சிகைக்காய்க்குத் தனியாக ஒன்று உண்டு. இவை எல்லாமே கல் அல்ல. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இரும்புத் தட்டுகள் இரண்டு உரசும் தட்டு மிஷின் ஒரு வகை. சுழலும் இரும்புச் சுத்திகள் தானியத்தை அடித்து நொறுக்கிச் சல்லடை வழியாகத் தள்ளும் பல்வரைசர் இன்னொரு வகை. கல் மிஷினில் இரண்டு வட்டக் கற்கள் முகத்தோடு முகம் வைத்திருக்கும். ஒன்று அசையாது, மற்றொன்று சுழலும். சில இயந்திரங்களில் அவை திரிகையைப் போலப் படுத்திருக்கும், சிலவற்றில் வண்டிச் சக்கரத்தைப் போல நிமிர்ந்திருக்கும். பழைய கருங்கல்லுக்குப் பதிலாக இப்போது எமரி என்னும் கடினமான கனிமத்தின் துகளைப் பிணைப்புப் பொருளோடு கலந்து வார்த்த செயற்கைக் கல்லே அதிகம் புழங்குகிறது.

நடுத்துளை வழியாக இறங்கும் தானியம், கல்லின் முகத்தில் வெட்டியிருக்கும் சால்களின் விளிம்பில் முதலில் உடைந்து, சுழற்சியின் வேகத்தில் வெளிப்பக்கமாக நகர நகரப் பொடியாகி, கல்லின் ஓரத்தில் மாவாக உதிர்கிறது. வீட்டில் உளுந்து உடைக்க வைத்திருந்த ஏந்திரக்கல் செய்த வேலையும் இதுவே; கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டாரும் பெல்ட்டும் வந்திருக்கின்றன.

பெரிய மாவு ஆலைகளின் எஃகு உருளைகள் தவிட்டையும் முளையையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் நோக்கத்தோடு அமைக்கப்பட்டவை; மைதா அப்படித்தான் கிடைக்கிறது. கல்லிலோ தவிடு, முளை, உட்பகுதி எல்லாம் சேர்ந்தே பொடியாகின்றன. அது மட்டுமன்றி, கற்களின் அழுத்தத்தில் மாவுச்சத்துத் துகள்கள் ஓரளவு சிதைவதால் கல் மாவு தண்ணீரைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது, அதனால் சப்பாத்தி நெடுநேரம் மிருதுவாக இருக்கிறது. இவை இரண்டும் உண்மையான நன்மைகள். கல் குளிர்ச்சியாக அரைக்கும் என்று பலரும் சொல்வது மட்டும் பாதி உண்மை. மெதுவாகச் சுற்றும் கைத்திரிகைக்கு அது பொருந்தும். மோட்டாரில் வேகமாகவும் இறுக்கமாகவும் ஓட்டினால் கல்லிலிருந்து வரும் மாவு கை பொறுக்காத அளவுக்குச் சூடாகும்.

வடசென்னையில் மாவு மிஷின்களைப் பிரதான சாலைகளில் தேடுவதைவிட உள்தெருக்களில் தேடுவது பயன் தரும். 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை, தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி ஆகிய ஏதேனும் ஒரு நிலையத்தில் இறங்கி, பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் நடந்துபோகும் தூரத்தில் ஒன்றைக் காட்டிவிடுவார்கள். முதல் முறை தானியம் இல்லாமல் வெறுங்கையோடு போய்ப் பார்த்து வருவது என் வழக்கம். அப்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, "அண்ணே, கோதுமை அரைக்கிறது கல்லா, தட்டா?" என்பது. இரண்டாவது, "கல்லு கொத்தி எத்தினி நாளாச்சு?" என்பது.

இரண்டாவது கேள்வி சற்று விளக்கம் வேண்டுவது. ஓட ஓடச் சால்களின் விளிம்பு மழுங்கும். மழுங்கிய கல் தானியத்தை வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு ஏறும். அதனால் அம்மி கொத்துவதைப் போலவே மிஷின் கல்லையும் அவ்வப்போது கழற்றி உளியால் கொத்துவார்கள். கொத்தி நெடுநாள் ஆன கல்லும் வேண்டாம், அன்று காலையில் கொத்திய கல்லும் வேண்டாம். புதிதாகக் கொத்திய கல்லில் தவிட்டையோ மட்டமான தானியத்தையோ முதலில் ஓட்டித் துகளை வெளியேற்றிய பிறகே வாடிக்கையாளர் தானியத்தை விட வேண்டும். ஒருமுறை அதைக் கேட்காமல், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மிஷினில் நான்கு கிலோ கேழ்வரகு அரைத்து வந்தேன். அன்று கிண்டிய களியில் முதல் உருண்டையிலேயே பல்லில் நறநறவென்றது. முழு மாவையும் கொட்ட வேண்டியதாயிற்று. பதில் சொல்லத் தயங்காத, கேட்டால் மூடியைத் திறந்து கல்லைக் காட்டும் மிஷின்காரர் கிடைத்துவிட்டால் அவரை விடக் கூடாது. இரண்டு தெரு கூடுதலாக நடக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

என்ன தானியம் கொண்டுபோவது

பாரிமுனையை அடுத்த கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டாலும், அதைச் சுற்றிய தெருக்களில் மளிகை, தானிய மொத்த வியாபாரம் தொடர்கிறது. கேழ்வரகையும் கம்பையும் அங்கே வாங்கலாம். மரபு நெல் ரகங்களுக்கு இயற்கை அங்காடிகளே வசதியானவை. காவிரி டெல்டாவில் இயற்கை விவசாயி நெல் ஜெயராமன் 170 வரையிலான பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டு, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி விதைகளைப் பரப்பியதன் பலனாகவே மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் காட்டுயானமும் இன்று சென்னைக் கடைகளில் பெயர் சொல்லி வாங்கக் கிடைக்கின்றன.

ஒவ்வொரு தானியமும் மிஷினில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். கேழ்வரகின் மேல்தோல் உட்பகுதியோடு இறுக ஒட்டியிருப்பதால் அதை அரிசியைப் போலத் தீட்ட முடியாது. எப்படி அரைத்தாலும் தோலோடு சேர்ந்த முழு மாவுதான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ள தானியம் அது. முதல் முறை போகிறவர் கேழ்வரகோடு தொடங்குவதே நல்லது, ஏனென்றால் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கம்பு அப்படியல்ல. அதன் முளைப்பகுதி பெரிது, எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்த கணத்திலிருந்தே அந்த எண்ணெய் காற்றோடு கலந்து கெடத் தொடங்கும், சில நாட்களிலேயே மாவு கசக்கும்.

சாமை, வரகு, குதிரைவாலி, தினை ஆகியவற்றை உமி நீக்கிய அரிசியாக மட்டுமே மாவு மிஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். உமியோடு இருக்கும் தானியத்தை மாவுக் கல் உடைக்குமே தவிர உமியைப் பிரிக்காது; மாவில் உமித் தூள் கலந்தால் சலித்தும் தீராது. வாங்கும்போது பளிச்சென்று வெளுத்த அரிசியைத் தவிர்த்து, பழுப்பு நிறம் சற்று எஞ்சியிருப்பதைக் கேட்டு வாங்கலாம்.

சம்பா கோதுமையைப் பற்றிச் சற்று எச்சரிக்கை தேவை. வடநாட்டில் கப்லி என்று வழங்கும் இந்த இனம் மிகப் பழையது, ஆனால் கடையில் கிடைப்பது எல்லாம் பழைய ரகம் என்று கொள்ள வேண்டியதில்லை. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் இதே இனத்தில் குட்டையான புதிய ரகங்களை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. சுவையில் அவற்றுக்குக் குறை ஒன்றும் இல்லை. 'பாட்டன் காலத்து விதை' என்று சொல்லி இரட்டை விலை கேட்கும்போது மட்டும் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மேலும், மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் இதில் இல்லை என்று விற்பவர்கள் சொல்வது தவறு. குளூட்டன் உண்டு, அதன் இழுவைதான் குறைவு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய் உள்ளவர்கள் சம்பா கோதுமையை மட்டுமல்ல, கோதுமை அரைத்த கல்லில் அரைத்த கேழ்வரகையும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குப் பொது மாவு மிஷின் ஏற்ற இடமே அல்ல.

அளவைப் பொறுத்தவரை, ஒரு தானியத்தில் இரண்டு கிலோவுக்குக் குறைவாகக் கொண்டுபோனால் கல்லிலும் குழாயிலும் தங்குவது போக வீட்டுக்கு வருவது சுருங்கிவிடும். ஐந்து கிலோவுக்கு மேல் போனால் தின்று தீர்ப்பதற்குள் பழசாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முறத்தில் புடைத்துத் தூசியையும் பதரையும் நீக்கிய பின், தாம்பாளத்தில் பரப்பிக் கல் பொறுக்க வேண்டும். தானிய அளவிலேயே இருக்கும் சிறு கற்கள் முறத்துக்குத் தப்பிவிடும். கேழ்வரகில் இது அதிகம். கழுவும்போது அரிசி அரிப்பதைப் போலப் பாத்திரத்தை லேசாகச் சுழற்றிச் சுழற்றி அடுத்த பாத்திரத்துக்கு மாற்றினால் மண்ணும் கல்லும் அடியில் தங்கும். இரும்புத் துகள் இருக்கக்கூடும் என்று தோன்றினால் ஒரு காந்தத்தைத் தானியத்துக்குள் அளைந்து எடுத்துப் பார்க்கலாம். அதில் ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டால் பிறகு இந்த வேலையை யாரும் தவிர்க்க மாட்டார்கள்.

கழுவிய தானியத்தை இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுப் பையில் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரம் கல்லில் பசையாக அப்பிச் சால்களை அடைக்கும், கல் சூடேறும், மாவு கட்டி தட்டும், அடுத்து நிற்பவரின் மாவும் கெடும். நல்ல வெயிலில் ஒரு முழு நாள், வெயில் குறைந்தால் இரண்டு நாள் காய வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினாலோ பல்லில் ஒட்டினாலோ இன்னும் ஒரு நாள் தேவை. பையின் மேல்பக்கத்திலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும்.

காயவைக்கும் இடமும் இங்கே ஒரு பிரச்சினைதான். கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மொட்டை மாடிகளில் திறந்து வைத்த தானியம் மாலைக்குள் கருந்தூசி படிந்துவிடும். பழைய வேட்டியை மேலே போர்த்தி ஓரங்களில் செங்கல் வைத்தால் தூசியும் புறாவும் அண்டாது. கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நான்கு மணிக்கு மேல் தானியத்தை மாடியில் விட்டுவைக்கக் கூடாது. பகல் முழுதும் காய்ந்தது, அந்தி நேரத்தில் ஈரத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கழுவும் எண்ணத்தையே விட்டு, ஈரத் துணியைப் பிழிந்து தானியத்தைத் துடைத்து, மின்விசிறியின் கீழ் ஆறவிட்டு, வாணலியில் சூடு ஏறும் அளவுக்கு மட்டும் புரட்டி எடுக்கலாம். வறுத்த தானியம் எதுவானாலும் முழுவதும் ஆறிய பிறகே மிஷினுக்குப் போக வேண்டும்.

சத்துமாவுக்காக நிலக்கடலை, பாதாம், முந்திரி சேர்ப்பவர்கள் அவற்றைத் தனியாகக் கல்லில் விடக் கூடாது. எண்ணெய் கசிந்து கல் வழவழப்பாகிவிடும். சுடச்சுட இல்லாமல் நன்கு ஆறிய தானியத்தோடு கலந்து, தானியம் மிகுதியாக இருக்கும் விகிதத்தில் கொண்டுபோனால் மிஷின்காரர் ஒப்புக்கொள்வார். அப்போதும் பல்வரைசரே அதற்கு ஏற்றது என்பது என் கருத்து. புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் மாப்பிள்ளைச் சம்பாவை ஊறவைத்து அரைப்பதாக இருந்தால் அது ஈரமாவு மிஷினின் வேலை. கல்லுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

நாளும் நேரமும்

ஆடி மாதத்தில் வடசென்னையின் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். அதற்கான கேழ்வரகு மூட்டை மூட்டையாக மிஷின் வாசலில் அடுக்கியிருக்கும். வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் முந்தைய நாட்களில் இரண்டு கிலோ சம்பா கோதுமையோடு போய் நிற்பவர் நெடுநேரம் காத்திருக்க நேரும். ஆனால் கேழ்வரகு மட்டும் அரைக்க வேண்டியவருக்கு அதைவிட நல்ல காலம் இல்லை, ஏனென்றால் கல்லில் நாள் முழுதும் கேழ்வரகே ஓடுகிறது, வேறு தானியம் கலக்க வாய்ப்பில்லை. தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களும் கோடையில் மிளகாய்ப் பொடி அரைக்கும் வாரங்களும் தவிர்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்ன வாரங்களில் கடை முழுதும் மிளகாய் நெடி நிற்கும், மூடாத மாவு எதுவும் அதை ஏற்கும்.

சாதாரண நாட்களில் காலையில் கடை திறந்த முதல் ஒரு மணி நேரமே சிறந்தது. கல் குளிர்ந்திருக்கும், ஆளும் குறைவு. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை எதுவும் ஓடாது. எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்பது முன்கூட்டியே நாளிதழ்களில் வந்துவிடுவதால் பார்த்துக்கொண்டு புறப்படலாம்.

கொண்டுபோகும் பாத்திரத்தைப் பற்றி ஒரே விதி: மாவு வாங்க நெகிழிப் பை வேண்டாம். அகன்ற வாய் உள்ள எவர்சில்வர் டப்பாவோ கெட்டியான துணிப்பையோ போதும். காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு அப்படியே மிஷினுக்குப் போவதாக இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மிஷினில்

கடைக்குள் நுழைந்ததும் பையை வரிசையில் வைத்துவிட்டு, தானியத்தின் எடையைத் தராசில் பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அரைவைக் கூலி கிலோக் கணக்கில், தானியத்துக்குத் தானியம் மாறும். சுவரில் சாக்கட்டியால் எழுதியிருப்பார்கள். பிறகு நமக்கு முன்னால் இருப்பவர் என்ன அரைக்கிறார் என்று பார்க்க வேண்டும். கேழ்வரகுக்குப் பின் கேழ்வரகு என்றால் கவலையில்லை. உளுந்தோ கொண்டைக்கடலையோ போயிருந்தால் மணம் மாறும். உமியோடு ஏதாவது போயிருந்தால் மாவில் அது வரும். வரிசை ஒத்துவராதபோது, பின்னால் நிற்பவரிடம் கேட்டு இடம் மாற்றிக்கொள்வதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது: "அக்கா, நீங்க முன்னாடி போய்க்குங்க, நான் அடுத்த கேவுருக்கு அப்புறம் அரைச்சுக்கிறேன்" என்றால் யார் மறுப்பார்கள்?

எப்படியிருந்தாலும் கல் முற்றிலும் வெறுமையாக இருப்பதில்லை. ஆகையால் நம் தானியத்தில் இரண்டு கைப்பிடியை முதலில் விட்டு, அதில் வரும் மாவைத் தனித் தாளில் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முகர்ந்து பார்த்து, முந்தைய தானியத்தின் மணம் போகவில்லை என்றால் இன்னும் ஒரு கைப்பிடி. இந்த மாவை வீணாக்க வேண்டாம். தெருவில் மாடு வளர்ப்பவருக்குக் கொடுத்துவிடலாம். பல தானியங்களைக் கொண்டுபோயிருந்தால் அரிசி முதலில், அதன் பின் கோதுமை, பின் கேழ்வரகு, எண்ணெய் மிகுந்த கம்பு இறுதியில் என்று நாமே வரிசை வகுத்துக்கொள்ள வேண்டும். கருப்புக் கவுனி போல நிறம் இறங்கும் அரிசி இருந்தால் அதையும் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

பெல்ட் ஓடும் பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்வதும், குழந்தைகளை வாசலிலேயே நிறுத்துவதும் கட்டாயம். காற்றில் மிதக்கும் மாவுத் தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மூக்கையும் வாயையும் ஒரு கைக்குட்டையால் கட்டிக்கொள்ளலாம். அதே தூசி எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் கடைக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

மாவு வரும்போது

இந்தப் பயணத்தின் முக்கியமான ஐந்து நிமிடங்கள் இவைதான். மேலே உள்ள தொட்டியின் அடியில் தானியம் இறங்கும் அளவைக் கட்டுப்படுத்த ஒரு தகடும், கற்களுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டிக் குறைக்க பக்கவாட்டில் ஒரு கைச்சக்கரமும் இருக்கும். மிஷின்காரரின் திறமை முழுதும் இந்த இரண்டையும் ஒத்துப்போக வைப்பதில் அடங்கியிருக்கிறது. இடைவெளியைக் குறைத்துவிட்டுத் தானியத்தை அள்ளி விட்டால் மாவு நைசாக வரும், ஆனால் சுடும், கருகிய வாடை வரும். இடைவெளி அதிகமானால் குருணை விழும். தானியம் தீர்ந்த பிறகும் கல் ஓடினால் கல்லோடு கல் உரசும், அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் அனுபவசாலி சக்கரத்தைத் தளர்த்திவிடுவார்.

மாவு விழும் துணிக்குழாயின் வாயில், மிஷின்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்க்க வேண்டும். பிறகு உள்ளங்கையில் ஒரு பிடி வாங்கி மூட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. மூடிய கையைப் பத்து விநாடி வைத்திருக்க முடியாமல் உதற வேண்டியிருந்தால் கல் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்; "கொஞ்சம் லூஸ் பண்ணி மெதுவா விடுங்கண்ணே, அவசரம் இல்லை" என்று கேட்டுக்கொள்ளலாம். அவசரம் இல்லை என்ற இரண்டு சொற்கள் கூட்டமில்லாத காலை நேரத்தில் மட்டுமே எடுபடும் என்பதாலும் அந்த நேரத்தைப் பரிந்துரைத்தேன்.

பதம் சமையலைப் பொறுத்தது. கேழ்வரகுக் களிக்கு விரல்களுக்கிடையே மணல் போல மிக லேசாக உறுத்தும் மாவு வேண்டும்; மைபோல அரைத்துவிட்டால் களி பசையாகிக் கரண்டியோடு வரும். கூழுக்குப் புளிக்க வைக்கும் மாவும் அப்படியே. அடைக்கும் புட்டுக்கும் இன்னும் சற்று நைசாக இருக்கலாம். கம்பங்கூழுக்கு மாவாக்காமல் ரவைப் பதத்தில் உடைத்து வாங்குவது நல்லது, சீக்கிரம் கெடாது என்ற நன்மையும் அதற்கு உண்டு. சம்பா கோதுமையில் சப்பாத்தி போடுவதானால் நைசாகவே வேண்டும், ஆனால் ஒரே ஓட்டத்தில் நைசாக்கச் சொல்லாமல், முதலில் உடைத்து, அது ஆறிய பின் மறுபடி விடச் சொன்னால் சூடு குறையும். கூலி கூடுதலாகும், கொடுக்கலாம். 'நைஸ்', 'கொரகொரப்பு' என்று மட்டும் சொன்னால் ஆளுக்கு ஆள் பொருள் மாறும். என்ன செய்யப்போகிறோம் என்று பலகாரத்தின் பெயரையே சொல்வது மேல். களி என்றாலும் அடை என்றாலும் மிஷின்காரருக்கு அளவு தெரியும்.

மாவை எடை போட்டால் கொடுத்ததைவிடச் சிறிது குறைந்திருக்கும். சூட்டில் ஈரம் போவதும் கல்லில் தங்குவதும் அதற்குக் காரணம். கண்ணில் படும்படி குறைந்தால் குழாயைத் தட்டி உதிர்க்கச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்தபின்

வந்ததும் முதல் வேலை, பெரிய தாம்பாளத்திலோ சுத்தமான வேட்டியிலோ மாவைக் கொட்டிப் பரப்பி, ஓரிரு மணி நேரம் நிழலில் ஆறவிடுவது. சூடாக மூடிய டப்பாவுக்குள் நீராவி படிந்து மாவு கட்டி தட்டும், நாற்றம் வரும். கம்பு மாவைச் சோம்பல் பட்டு அப்படியே மூடி வைத்து, ஐந்தாம் நாள் திறந்தபோது பழைய எண்ணெய் வாடை அடித்தது எனக்கு நேர்ந்தது. நெகிழிப் பை வேண்டாம் என்று முன்னர் சொன்னதற்கும் காரணம் இதுவே.

சலிப்பதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். சம்பா கோதுமை மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட்டால், கல்லைத் தேடி நடந்ததன் பயன் பாதி குப்பைக்குப் போகிறது. குருணை இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கண் சல்லடையில் ஒருமுறை விட்டால் போதும். தங்குகிற குருணையைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பா கோதுமை மாவைப் பிசையும்போது சுடுதண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டால் விரிசல் இல்லாமல் திரட்டலாம்.

நான் பின்பற்றும் கணக்கு இது: கம்பு மாவை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவேன், தவிட்டோடு அரைத்த சிவப்பரிசி மாவை இரண்டு வாரத்துக்குள், கோதுமையை ஒரு மாதத்துக்குள், கேழ்வரகை இரண்டு மாதத்துக்குள். குளிர்பதனப் பெட்டியில் இறுக மூடி வைத்தால் இதைவிட நீளும், ஆனால் எடுத்து வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு வியர்க்கும். முழுத் தானியமோ நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் பத்து கிலோவாக வாங்கினாலும் இரண்டிரண்டு கிலோவாகவே அரைக்க வேண்டும். வண்டு விழாமலிருக்கத் தானியத்தில் காய்ந்த வேப்பிலையையோ வசம்புத் துண்டையோ போட்டு வைக்கலாம், மாவில் அவற்றைப் போட வேண்டாம், கசப்பு ஏறும்.

பதம் பிடித்துப்போன மாவில் ஒரு கரண்டி அளவை எடுத்துச் சிறிய தாளில் மடித்து, எந்தப் பலகாரத்துக்கு அரைத்தது என்று மேலே எழுதி, மிஷினுக்குக் கொண்டுபோகும் துணிப்பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை அதைப் பிரித்து மிஷின்காரரின் உள்ளங்கையில் கொட்டி, "இதே மாதிரி வேணும்ணே" என்றால், அவர் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கைச்சக்கரத்தைத் திருப்பத் தொடங்கிவிடுவார்.